உயிர் மருட்டும் கைகள்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சிலருக்கு இது காலை, சிலருக்கு நள்ளிரவு. நேரம் ஒதுக்கி இணைந்திருக்கிறீர்கள். வழக்கமாக நாவல்களையும் கவிதைகளையும் பற்றிப் பேசும் இந்த நிகழ்வில் இன்று பொம்மைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். அமைப்பாளர்கள் தலைப்பைக் கேட்டதும் சற்றுத் தயங்கினார்கள். பிறகு வள்ளுவரைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன்.

திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஒரு மரப்பாவை வருகிறது. மனத்தில் வெட்கம் இல்லாதவர்கள் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பொம்மை தனக்கு உயிர் இருப்பதாக மயக்குவதைப் போன்றது என்கிறார். நாண் என்ற சொல்லுக்கு வெட்கம் என்றும் பொருள், கயிறு என்றும் பொருள். இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறார். நீதியை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். எனக்கு வேண்டியது அந்த உவமை. பொம்மைக்கு உயிர் இல்லை என்பது பார்ப்பவருக்குத் தெரியும். தெரிந்தும் மயங்குகிறார். இந்த மருட்டுதலைத்தான் நாங்கள் அனிமேஷன் என்கிறோம்.

நான் பிழைப்புக்குக் கணினியில் உருவங்களை அசைப்பவன். ஆனால் நான் பெரிதும் மதிக்கும் பத்து அனிமேஷன் கலைஞர்களின் பெயரை எழுதச் சொன்னால், அதில் கணினியைத் தொட்டவர்கள் குறைவாகவே இருப்பார்கள். மற்றவர்கள் களிமண், கம்பி, முயல்தோல், ரப்பர் இவற்றோடு வாழ்ந்தவர்கள். ஏன் அப்படி என்பதற்குப் பதில் அந்தக் கலையின் வரலாற்றில் இருக்கிறது.

செத்த வண்டுகள்

ஸ்டாப் மோஷன் என்பது எளிய வித்தை. ஒரு பொம்மையை நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். கையால் அதை இம்மியளவு நகர்த்தி அடுத்த படம் எடுக்க வேண்டும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள், அதாவது 24 ஃபிரேம்கள். வரிசையாக ஓட்டினால் பொம்மை தானே நகர்வதுபோல் தெரியும்.

இதன் முன்னோடிகளில் ஒருவரான லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் சினிமாக்காரராகத் தொடங்கவில்லை. போலந்து வம்சாவளியில் வந்தவர், பூச்சிகளில் ஆர்வம் கொண்டவர், இன்றைய லித்துவேனியாவில் உள்ள கௌனாஸ் நகரின் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். 1910 வாக்கில் கொம்பு வண்டுகள் சண்டையிடுவதைப் படம் பிடிக்க விரும்பினார். அவை இரவில் நடமாடும் பிராணிகள். படப்பிடிப்பு விளக்கைப் போட்டதும் அசையாமல் முடங்கிவிட்டன. உயிருள்ளவை நடிக்க மறுத்ததால் செத்த வண்டுகளை எடுத்துக்கொண்டார். கால்களைக் கழற்றி, மெல்லிய கம்பிகளை அரக்கால் ஒட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி அவற்றைச் சண்டையிட வைத்தார்.

1912இல் அவர் எடுத்த 'ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்' இன்றும் சிரிக்க வைக்கும். வண்டுக் கணவர் ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் தட்டாரப்பூச்சி நடனக்காரியைத் தேடிப் போகிறார். அவளை விரும்பிய வெட்டுக்கிளி ஓர் ஒளிப்பதிவாளர். சாவித்துவாரம் வழியே எல்லாவற்றையும் படமெடுத்து, கணவனும் மனைவியும் வந்திருக்கும் கொட்டகையிலேயே திரையிட்டுவிடுகிறது. பூச்சிகளைப் பழக்கி நடிக்க வைத்திருக்கிறார்கள் என்று அக்காலத்தில் சிலர் நம்பியதாகச் சொல்வார்கள். படத்தைப் பார்த்தால் அது ஏன் என்று புரியும். அந்த வண்டின் அசைவில் ஒரு நடுத்தர வயது ஆணின் சலிப்பு இருக்கிறது.

வண்டுக்கு முகபாவம் கிடையாது. கண்ணிமை இல்லை, உதடு இல்லை. உடலின் சாய்வும் நிறுத்தமும் வேகமும் மட்டுமே உண்டு. ஒரு பாத்திரம் என்ன நினைக்கிறது என்பதை முகம் இல்லாமலே சொல்லிவிட முடியும் என்பது சினிமாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது. நூறு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைத்த கணினி முகங்களோடு வேலை செய்யும் எங்களுக்கு இது இன்றும் பாடம்.

முயல்தோலில் பட்ட விரல்கள்

அடுத்த பெயர் வில்லிஸ் ஓ'பிரையன். அவருடைய டைனோசர்கள் 1925இல் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' படத்தில் வந்தன. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, கதையை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் சோதனைக் காட்சிகளை அமெரிக்க மந்திரவாதிகள் சங்கத்தின் விருந்தில் எந்த விளக்கமும் சொல்லாமல் போட்டுக் காட்டினார். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியது. மந்திரவாதிகளுக்கே வித்தை பிடிபடவில்லை.

1933இல் 'கிங் காங்'. திரையில் கட்டடம் ஏறும் அந்தக் குரங்கு உண்மையில் ஏறத்தாழ 18 அங்குல உயரம். மார்செல் டெல்காடோ அதை உருவாக்கினார். உள்ளே மூட்டுகளோடு கூடிய உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பரும் முயல்தோலும். இந்தத் தோலில் ஒரு சிக்கல். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பொம்மையைத் தொடும்போது விரல் பட்ட இடத்தில் முடி கலையும். படத்தை ஓட்டும்போது காங்கின் உடல் முழுக்க முடி சிலிர்த்துக்கொண்டே இருக்கும். தொழில்முறையில் பார்த்தால் இது குறை. பார்த்தவர்களோ கோபத்தில் குரங்குக்கு முடி சிலிர்ப்பதாக எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்தச் சிலிர்ப்பு வேறொன்றாகத் தெரிகிறது. அது ஓ'பிரையனின் விரல்தடம். ஒவ்வொரு நொடிக்கும் 24 முறை ஒரு மனிதர் அந்தப் பொம்மையைத் தொட்டிருக்கிறார் என்பதற்கான சான்று.

அந்தப் படத்தை லாஸ் ஏஞ்சலஸில் பார்த்த 13 வயதுச் சிறுவன் ரே ஹாரிஹவுசன். வீட்டுக்குப் போய்ப் பொம்மை செய்யத் தொடங்கியவர் பிறகு நிறுத்தவே இல்லை. இயந்திரப் பணியாளரான அப்பா பொம்மைகளுக்கு எலும்புக்கூடுகளைக் கடைந்து கொடுத்தார், அம்மா உடை தைத்தார். பின்னாளில் அவர் ஓ'பிரையனிடமே உதவியாளராகச் சேர்ந்து, 1949இல் 'மைட்டி ஜோ யங்' படத்தின் பெரும்பகுதி அனிமேஷனைச் செய்தார்.

1963இல் வந்த 'ஜேசன் அண்டு தி ஆர்கோநாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதர்களோடு வாள்சண்டை போடும் காட்சி இருக்கிறது. திரையில் சில நிமிடங்கள். ஹாரிஹவுசன் தனி ஆளாக அதைச் செய்து முடிக்க நாலரை மாதம் ஆனது. முழு நாள் உழைத்தும் ஒரு நொடிக் காட்சி தேறாத நாட்கள் உண்டு. ஏழு உருவங்கள், ஒவ்வொன்றுக்கும் தலை, இரு கை, இரு கால். ஏற்கெனவே படமாக்கப்பட்ட நடிகர்களின் வாள்வீச்சோடு ஒவ்வொன்றும் பொருந்த வேண்டும்.

அன்று முந்தைய ஃபிரேமைத் திரும்பப் பார்க்கும் வசதி கிடையாது. மூன்றாவது எலும்புக்கூட்டின் இடது கை மேலே போய்க்கொண்டிருந்ததா, கீழே வந்துகொண்டிருந்ததா, எந்த வேகத்தில் என்பதையெல்லாம் மனத்தில் வைத்திருக்க வேண்டும். நடுவில் தொலைபேசி அடித்தால் அவ்வளவுதான். பிழை நேர்ந்தால் அழிக்க முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் கணினியில் முக்கியமான நிலைகளை முதலில் வைத்துவிட்டு, இடைப்பட்டதைப் பிறகு நிரப்பிக்கொள்வோம். பிடிக்காவிட்டால் ஒரு பொத்தான், பழையபடி ஆகிவிடும். ஹாரிஹவுசனின் வேலையில் காலம் முன்னே மட்டுமே போகும். அது நடிப்புக்கு நெருக்கமானது. அவர் நாலரை மாத நீளத்துக்கு இழுக்கப்பட்ட ஒரு மேடை நடிப்பை நடித்துக்கொண்டிருந்தார் என்றே சொல்வேன்.

கணினிக்காரர்கள் இந்தக் கடனை மறக்கவில்லை. பிக்ஸாரின் 'மான்ஸ்டர்ஸ், இங்க்' 2001இல் வந்தது. முழுக்கக் கணினியில் உருவான படம். அதில் வரும் உணவகத்தின் பெயர் ஹாரிஹவுசன்ஸ்.

தலையில் வளையம், கையில் தவளை

ஸ்டாப் மோஷனும் பொம்மலாட்டமும் உறவுக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல. ஒன்றில் கை பொம்மையைத் தொட்டுவிட்டு விலகிவிடுகிறது. மற்றதில் கை விலகுவதே இல்லை.

தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் இதன் உச்சத்தைக் காணலாம். கயிறும் கம்பியும் சேர்ந்த முறை அது. கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். அந்த வளையத்தை ஆட்டுபவர் கிரீடம்போலத் தலையில் அணிந்துகொள்வார். பொம்மையின் கைகளைக் கம்பிகளால் இயக்குவார். பெரிய பொம்மைகள் நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை வரைகூட இருக்கும். அவர் தலையைச் சாய்த்தால் பொம்மை சாயும், அவர் கால் தாளம் போட்டால் பொம்மை ஆடும். எங்கள் தொழிலில் 'மோஷன் கேப்சர்' என்று உடலில் உணரிகளைக் கட்டிக்கொண்டு நடிக்கிறார்களே, அதன் தாத்தா இவர்தான்.

அமெரிக்காவில் ஜிம் ஹென்சன் வேறொரு வழியில் போனார். 1955இல் அம்மாவின் பழைய கோட்டைக் கிழித்து, பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டிக் கண்ணாக வைத்து, கெர்மிட் என்ற பாத்திரத்தைச் செய்தார். கைக்குள் மாட்டும் துணிதான். முகத்தில் தனியாக அசையும் உறுப்பு எதுவும் இல்லை. உள்ளிருக்கும் விரல்களை மடக்கினால் யோசனை, விரித்தால் வியப்பு. பொம்மையை ஆட்டுபவர்கள் தொலைக்காட்சித் திரையைப் பார்த்தபடியே ஆட்டும் முறையையும் அவர் வளர்த்தெடுத்தார். பார்வையாளர் என்ன காண்கிறாரோ அதையே ஆட்டுபவரும் அந்தக் கணத்தில் காண்பார்.

கணினி வந்தபோது ஹென்சன் அஞ்சவில்லை. 1989இல் 'தி ஜிம் ஹென்சன் அவர்' நிகழ்ச்சியில் வால்டோ என்ற கணினிப் பாத்திரம் வந்தது. பொம்மலாட்டக்காரர் ஒரு கருவியைக் கையில் மாட்டிக்கொண்டு அசைக்க, திரையில் அதன் எளிய வடிவம் அந்தக் கணமே அசைந்தது. பிறகு அந்த அசைவை வைத்து முழு உருவத்தையும் கணினியில் தீட்டினார்கள். துணிக்குப் பதிலாகக் கணக்கு, ஆனால் உள்ளே இருந்தது அதே கை. மறு ஆண்டே 53 வயதில் ஹென்சன் இறந்துபோனார்.

1993

இனி, இந்த வரலாற்றின் வலிக்கும் இடம்.

ஸ்டாப் மோஷனுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. ஓடும் மனிதனைப் படமெடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அவன் சற்று மங்கலாகப் பதிவான். பொம்மையோ ஒவ்வொரு ஃபிரேமிலும் அசையாமல் நிற்பதால் கூர்மையாகப் பதிகிறது. ஆகவே ஓட்டும்போது அசைவு வெட்டி வெட்டித் தெரியும். இதைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஃபில் டிப்பெட். 1981இல் வந்த 'டிராகன்ஸ்லேயர்' படத்துக்காக அவரும் ஐஎல்எம் நிறுவனத்தின் குழுவும் 'கோ மோஷன்' என்ற முறையைக் கையாண்டார்கள். பொம்மையோடு இணைத்த கம்பிகளைக் கணினி கட்டுப்படுத்தும் மோட்டார்கள், படம் பதிவாகும் கணத்திலேயே சற்று அசைக்கும். தேவையான மங்கல் கிடைத்துவிடும்.

'ஜுராசிக் பார்க்' எடுக்கத் திட்டமிட்டபோது ஸ்பீல்பெர்க் இந்த முறையைத்தான் நம்பியிருந்தார். அருகாமைக் காட்சிகளுக்கு ஸ்டான் வின்ஸ்டன் செய்யும் முழு அளவு இயந்திர டைனோசர்கள், முழு உடலும் தெரியும் காட்சிகளுக்கு டிப்பெட்டின் பொம்மைகள். டிப்பெட் வேலையையும் தொடங்கிவிட்டார். சமையலறையில் குழந்தைகளை வெலாசிராப்டர்கள் தேடும் காட்சியைப் பொம்மைகளை வைத்து முன்மாதிரியாகவே எடுத்திருந்தார்.

அதே சமயம் ஐஎல்எம்மில் ஸ்டீவ் வில்லியம்ஸும் மார்க் டிப்பேயும், யாரும் கேட்காமலேயே, டைரனோசரின் எலும்புக்கூட்டைக் கணினியில் நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மேலிடத்தின் கண்ணில் பட்டது. டென்னிஸ் மியூரனின் தலைமையில் சோதனைகள் தொடர்ந்தன. கடைசியில் தோலும் நிழலும் பகல் வெளிச்சமுமாக ஒரு டைரனோசர் நடந்து வந்தபோது முடிவு தானாகவே எடுக்கப்பட்டுவிட்டது. அதைப் பார்த்த டிப்பெட், தான் அழிந்துபோன இனமாகிவிட்டதாகச் சொன்னார். ஸ்பீல்பெர்க் அந்தச் சொல்லைப் படத்துக்குள்ளேயே வசனமாக வைத்துக்கொண்டார். டிப்பெட் உடல்நலம் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். அதை அவரே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கதை இங்கே முடிந்திருந்தால் வழக்கமான கதை. தறி வந்தது, நெசவாளி போனான் என்பதுபோல. ஆனால் ஸ்பீல்பெர்க் டிப்பெட்டை விடவில்லை. விலங்கு எப்படி நிற்கும், எடையை எந்தக் காலில் மாற்றும், இரையைப் பாய்ந்து பிடிக்கும்முன் எப்படி அசையாமல் இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். கணினி வல்லுநர்கள் பலருக்கு மென்பொருள் தெரியும், நடை தெரியாது. பொம்மைக்காரர்களுக்கு நடை தெரியும், மென்பொருள் தெரியாது.

இடையில் ஒரு பாலம் கட்டினார்கள். டிப்பெட்டின் கூடத்தில் இருந்த கிரெய்க் ஹேய்ஸ் முதலியோர் ஓர் உலோக எலும்புக்கூட்டை உருவாக்கினார்கள். பார்க்க ஸ்டாப் மோஷன் பொம்மையின் உள்கூடு போலவே இருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் கோணத்தை அளக்கும் உணரி. கலைஞர் பழையபடி கையால் ஒவ்வொரு ஃபிரேமாக அதை வளைப்பார், அந்த நிலை கணினிக்குள் இருக்கும் டைனோசருக்குப் போய்விடும். 'டைனோசர் இன்புட் டிவைஸ்' என்று பெயர். சமையலறைக் காட்சியும், மழையில் டைரனோசர் வாகனங்களைத் தாக்கும் காட்சியும் டிப்பெட்டின் கூடத்தில் இப்படி உருவானவை. இந்தக் கருவிக்கு 1997இல் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. மறுபக்கம், ஐஎல்எம்மின் கணினி அனிமேட்டர்களை மைம் வகுப்புக்கு அனுப்பினார்கள். நாற்காலியை விட்டு எழுந்து டைனோசராக ஓடிப் பார்த்தார்கள்.

அந்தப் படத்தில் டைனோசர்கள் தோன்றும் நேரம் மொத்தமே சுமார் 15 நிமிடம் என்பார்கள். அதிலும் கணினியில் உருவானவை சுமார் 6 நிமிடம்தான். அந்த 6 நிமிடம் சினிமாவை மாற்றியது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது பழசாகத் தெரியாததற்குக் கணினியின் திறன் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இன்று நம் கைப்பேசிக்குள் அதைவிடத் திறன் வாய்ந்த கணினி இருக்கிறது. அந்த அசைவுக்குள் ஓ'பிரையன் முதல் டிப்பெட் வரையிலான கைகளின் அறிவு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டாப் மோஷன் செத்துவிட்டது என்று சொல்லப்பட்ட அதே 1993இல்தான் ஹென்றி செலிக் இயக்கிய 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' வந்தது. அந்தப் பொம்மை ரயில் துரத்தலுக்காக நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் 'தி ராங் டிரவுசர்ஸ்', நிக் பார்க்கின் களிமண் படம், அதுவும் அதே ஆண்டுதான். சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் போட்டியில் 'ஜுராசிக் பார்க்'கும் 'நைட்மேர்' படமும் எதிரெதிரே நின்றன. வென்றது டைனோசர். அந்த விருதைப் பெற்ற நால்வரில் ஒருவர் ஃபில் டிப்பெட்.

குறையைக் காப்பாற்றுவது

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வென்ற கணினி, தோற்றவரைப் போல ஆக முயன்றது.

1980இல் 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்தில் வந்த யோடா, ஸ்டூவர்ட் ஃப்ரீபோர்ன் வடிவமைத்த ரப்பர் பொம்மை. ஃபிராங்க் ஆஸ் உள்ளே கைவிட்டு ஆட்டி, குரலும் கொடுத்தார். 2002இல் யோடாவைக் கணினியில் உருவாக்கும் பொறுப்பு ராப் கோல்மன் குழுவுக்கு வந்தது. அவர்கள் பழைய காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பொம்மை தலையைத் திருப்பும்போது அதன் ரப்பர் காதுகள் தாமாகவே சற்று ஆடும். ஃபிராங்க் ஆஸ் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை, ரப்பரின் குணம் அது. கணினியில் அந்தக் காது ஆட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஆடாவிட்டால் அது யோடாவாக இல்லை. ஆகவே ரப்பரின் விபத்தைக் கலைஞர்கள் கையால் கணக்கிட்டு மீண்டும் உருவாக்கினார்கள். 2017இல் 'தி லாஸ்ட் ஜெடை' படத்துக்கு யோடா மீண்டும் பொம்மையாகவே வந்தார், மீண்டும் ஃபிராங்க் ஆஸ் கையில்.

சிட்னியில் அனிமல் லாஜிக் நிறுவனம் உருவாக்கி 2014இல் வெளியான 'தி லெகோ மூவி'யைப் பார்த்துப் பலர் அது ஸ்டாப் மோஷன் என்றே நினைத்தார்கள். ஏறத்தாழ முழுக்கக் கணினிப் படம். பிளாஸ்டிக் கைகால்கள் வளையக் கூடாது, வழக்கமான அசைவு மங்கல் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே விலங்கு போட்டுக்கொண்டார்கள். பொம்மைகளின்மேல் கீறல்களையும் விரல்தடங்களையும் வேலை மெனக்கெட்டு வரைந்தார்கள். ஓ'பிரையன் தவிர்க்க முடியாமல் விட்டுப்போன விரல்தடத்தை, எண்பது ஆண்டுகள் கழித்து, யாரும் தொடாத பொம்மையின்மேல் நாங்கள் ஒட்டினோம்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது. லைக்கா நிறுவனம் 2009இல் 'கோரலைன்' எடுத்தபோது முகபாவங்களைக் கணினியில் வடிவமைத்து, முப்பரிமாண அச்சில் எடுத்து, பொம்மையின் முகத்தில் ஃபிரேமுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வைத்தார்கள். கணினி இங்கே பொம்மைக்கு வேலைக்காரன்.

கடைசியாக

இதையெல்லாம் பழங்கதையின் சுகத்துக்காக நான் சொல்லவில்லை. இன்று எங்கள் தொழிலில் இருப்பவர்கள் 1992இன் டிப்பெட் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு வரி எழுதினால் அசையும் படத்தைக் கொடுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. 'நாமும் டைனோசர்தானா?' என்று உணவு இடைவேளையில் கேட்டுக்கொள்கிறோம். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறோம், ஆனால் கேட்கிறோம்.

வரலாறு ஆறுதல் சொல்லும் என்று நான் நம்பவில்லை. டிப்பெட் தப்பித்தார் என்பதால் எல்லோரும் தப்பிப்பார்கள் என்று ஆகாது. அவருக்கு ஸ்பீல்பெர்க் இருந்தார், கருவி செய்யத் தெரிந்த நண்பர்கள் இருந்தார்கள். அந்த உலோக எலும்புக்கூட்டை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தது. பாலங்கள் தாமாக முளைப்பதில்லை. கையின் அறிவு அடுத்த கருவிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முடிவெடுத்து, அதற்குப் பணமும் நேரமும் ஒதுக்கினால்தான் அது போய்ச் சேரும். ஒதுக்காத இடங்களில் அது அந்தக் கைகளோடு போய்விடும். நம் ஊர்ப் பொம்மலாட்டத்தைப் பற்றி யோசிக்கும்போது இது இன்னும் உறைக்கிறது. தலையில் வளையம் அணிந்த அந்த உடலின் அறிவைக் கேட்டு வாங்கிக்கொள்ள எந்த ஸ்டூடியோ காத்திருக்கிறது?

டிப்பெட் 'மேட் காட்' என்ற ஸ்டாப் மோஷன் படத்தை 'ஜுராசிக் பார்க்'குக்கு முன்பே தொடங்கியிருந்தார். கணினி வந்ததும் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, அவருடைய ஸ்டூடியோவில் கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் அந்தப் பழைய பொம்மைகளைப் பார்த்துவிட்டு, மீண்டும் தொடங்கலாம் என்று தூண்டினார்கள். விடுமுறை நாட்களில் வந்து, அவரிடம் கற்றுக்கொண்டே வேலை செய்தார்கள். படம் 2021இல் வெளிவந்தது. இருண்ட, கடினமான படம், எல்லோருக்கும் பிடிக்காது. ஆனால் கணினி அனிமேட்டர்கள் சனிக்கிழமைகளில் வந்து பொம்மைகளைத் தொட்டு நகர்த்தினார்களே, அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.